முட்டையக்காவும் விரிசல் விட்ட பிளக்கும்

முட்டையக்கா யாரோடும் சண்டை போட்டுப் பார்த்தவர்கள் கிடையாது. சண்டை போடுகிறவர்கள் அன்றைக்கே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுநாள் சிரித்துப் பேசிவிடுவார்கள். அவளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லிவிட்டால் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு வருவாள். வந்து அதை மனசுக்குள் வைத்துப் பூட்டிக்கொள்வாள். அதற்குப் பிறகு அவளுக்கு அவசரமே இருக்காது.

ஒரு தையல்காரர் இருந்தார். ரவிக்கையில் ஒரு கையைக் குட்டையாகத் தைத்துவிட்டு, கேட்டபோது, "தையல் சரியாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் ஒரு கை நீளம்" என்று கடையில் நின்ற நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அவள் "சரிங்க" என்று வந்துவிட்டாள். அதற்கப்புறம் வேறு கடையில் தைத்த ஒவ்வொரு புது ரவிக்கையையும் போட்டுக்கொண்டு, முதல் வேலையாக அந்தத் தையல்காரர் கடைக்கு எதிரே போய் நிற்பாள். இரண்டு கைகளையும் தூக்கி, சாவகாசமாகக் கொண்டையைச் சரிசெய்வாள். திரும்பிப் போய்விடுவாள். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. வருஷக்கணக்கில் இப்படியே நடந்தது. கடைசியில் அந்த மனிதர் மெஷினைத் தெருவைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அவள் வழக்கத்தைவிட ஒரு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள் என்று அவள் புருஷன் சொல்வார்.

இப்படிப்பட்டவளிடம்தான் அவளுடைய கொழுந்தன் வாலாட்டிப் பார்த்தான்.

அவள் பிழைப்பு முட்டை வியாபாரம். ஒரு பழைய பெட்ரோல் பிக்கப் வண்டி, பின்னால் தார்ப்பாய் கட்டிய தொட்டி, அதில் முப்பது முப்பதாக அடுக்கிய முட்டைத் தட்டுகள். காலையில் கிடங்கில் ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்க வேண்டும். சில்லறைக் கடைகள் எத்தனை இருந்தாலும் அவை கைச்செலவுக்குத்தான். வீட்டு அடுப்பு எரிந்தது மேட்டுக்கு மேலே இருந்த பெரிய பேக்கரியால். வண்டியில் ஏறிய முட்டையில் பாதிக்கு மேல் அங்கேதான் இறங்கும்.

முதலில் வண்டி ஓட்டியது அவள் புருஷன். கிடங்கில் ஏணி சறுக்கி விழுந்ததில் அவருக்கு இடது முழங்கால் போய்விட்டது. கிளட்ச்சை மிதித்தால் உயிர் போய் உயிர் வரும். வண்டியை விற்றுவிடலாம் என்று எல்லோரும் சொன்னபோது, "நான் ஓட்டுறேன்" என்றாள். புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். வெறும் வண்டியில் இல்லை. பின்னால் முட்டையை ஏற்றி வைத்துக்கொண்டுதான் கற்றாள். ஒவ்வொரு தடவை பிரேக்கை அழுத்தியபோதும் பின்னால் ஏதாவது ஒன்று உடையும் சத்தம் கேட்கும், அவளுக்கு வயிறு எரியும். அப்படி வயிறெரிந்து கற்ற கால் அது. பள்ளத்தில் இறக்கி ஏற்றினாலும் தட்டில் இருக்கிற முட்டைக்குத் தெரியாமல் ஓட்டுவாள்.

புருஷனுக்கு வேலை வீட்டின் பின்னறையில். ஜன்னலுக்குக் கறுப்பு அட்டை ஒட்டிய இருட்டறை அது. ஒரு டின்னில் ஓட்டை போட்டு உள்ளே பல்பைப் பொருத்தியிருந்தார். அந்த வெளிச்சத்தின்மேல் முட்டையை வைத்து நல்லதா கெட்டதா என்று பார்ப்பார். ஆனால் விரிசலைக் கண்டுபிடிக்க அவருக்கு வெளிச்சம் தேவைப்படாது. இரண்டு முட்டையைக் கையில் எடுத்து, காதருகே கொண்டுபோய், ஒன்றோடொன்று லேசாகத் தட்டுவார். நல்ல முட்டை என்றால் கிண்ணென்று கேட்கும். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல் இருந்தாலும் சத்தம் செத்துப்போயிருக்கும். மனுஷர் எதிலும் அதிர்ந்து பேசாதவர். யாரையும் குறை சொல்லாதவர். தம்பி என்றால் உயிர்.

அந்தத் தம்பியை ஊரில் ஸ்பேனர் என்று கூப்பிடுவார்கள். பின்பாக்கெட்டில் எந்நேரமும் ஒரு பிளக் ஸ்பேனர் செருகியிருக்கும். அவனுக்கு மீசை அரும்பியபோது அண்ணன் தன் கைக்காசில் வாங்கிக் கொடுத்த முதல் கருவி அது. குழாய் மாதிரி நீளமாக இருக்கும். ஒருதரம் கீழே விழுந்து அதன் விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்துவிட்டது. வேறு வாங்கச் சொன்னால், "அண்ணன் வாங்கிக் கொடுத்தது, இதுதான் ராசி" என்பான். மெக்கானிக் தொழிலையே அவன் இவர்கள் வீட்டு வாசலில்தான் ஆரம்பித்தான். முட்டையக்கா எத்தனையோ நாள் அவனுக்குக் கருவிகளை எடுத்து நீட்டியிருக்கிறாள். இப்போது கடைத்தெருவில் பெரிய ஒர்க்ஷாப், வேலைக்கு நாலு பேர், சொந்தமாக இவர்களுடையதைப் போலவே ஒரு பிக்கப். ஆனாலும் "அண்ணி, அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிடுவான். அண்ணி வண்டிக்குக் கூலி வாங்க மாட்டான். வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பிற்பாடு பல தடவை நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் வண்டி மேட்டில் ஏறும்போது லேசாகத் திணறியது. இஞ்சினுக்குப் பொறி தருகிற பிளக் தேய்ந்திருக்கும் என்று அவளுக்கே தெரியும். ஸ்பேனரிடம் விட்டாள். நாலு பிளக்கையும் மாற்றிப் புதுசு போட்டுக் கொடுத்தான். சமதரையில் வண்டி வெண்ணெய் மாதிரி ஓடியது. மறுநாள் லோடு ஏற்றிக்கொண்டு பேக்கரி மேட்டில் ஏறினாள். பாதி மேட்டில் வண்டி விக்கல் எடுத்தது. முன்பு திணறல்தான், இப்போது குலுக்கல். ஒவ்வொரு குலுக்கலுக்கும் பின்னால் மேல்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொள்வது அவள் முதுகில் கேட்டது. பேக்கரி வாசலில் தார்ப்பாயைத் தூக்கினால் மஞ்சளாக ஒழுகியது.

திரும்பவும் ஸ்பேனரிடம் கொண்டுபோனாள். பிளக்கைக் கழற்றிப் பார்த்து, ஒன்றை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவிக் கொடுத்தான். மறுபடி மேட்டில் குலுக்கல். மறுபடி ஸ்பேனர். மறுபடி மஞ்சள் ஒழுகல். பேக்கரி முதலாளியம்மா நியாயமானவள், ஆனால் வாய் இனிக்கப் பேசத் தெரியாதவள். "இதோட மூணாவது தடவை. எனக்கு மாவு பிசைஞ்சு வச்சுக்கிட்டுக் காத்திருக்க முடியாது. வண்டியில கோளாறா, ஓட்டுறதுல கோளாறா?" என்று கேட்டாள்.

ஸ்பேனரே நேரில் வந்தான். லோடு இறக்கிய வெறும் வண்டியை மேட்டில் இறக்கி ஏற்றிக் காட்டினான். ஒரு குலுக்கல் இல்லை. இறங்கி வந்து, கையைத் துடைத்துக்கொண்டு, முதலாளியம்மாவிடம் மிகவும் வருத்தப்படுகிறவன்போலச் சொன்னான்.

"வண்டியில ஒண்ணும் இல்லம்மா. எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அண்ணி பாவம், கிளட்ச்ல பாதிக் காலை வச்சுக்கிட்டே ஓட்டுறாங்க. பொம்பளைங்க ஓட்டுனா மேட்டுல அப்படித்தான் குலுங்கும். அவங்களைக் குத்தம் சொல்ல முடியாது."

பேக்கரிப் பையன்கள் சிரித்தார்கள். "உங்களுக்கு முட்டை நிக்காம வரணும், அவ்வளவுதானே? நான் பாத்துக்கறேன்" என்று முடித்தான்.

முட்டையக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சரிங்க தம்பி" என்றாள்.

மறுநாள் காலி தட்டுகளை எடுக்கப் பேக்கரிக்குப் போனபோது ஸ்பேனருடைய பிக்கப் அங்கே நின்றுகொண்டிருந்தது. அவன் வைத்திருந்த டிரைவர், தாடிக்காரன், முட்டையை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் தன் காலி தட்டுகளை எடுத்து அடுக்கிக்கொண்டு கீழே வந்தாள். பேக்கரி போனது ஒரு வலி என்றால், காலைக் குறை சொன்னது அதைவிடப் பெரிய வலி. முட்டையை வைத்து ஓட்டக் கற்ற காலை அல்லவா சொன்னான்.

அன்றைக்கே உதிரிபாகக் கடையில் ஒரு பிளக் ஸ்பேனரும் நாலு பிளக்கும் வாங்கினாள். வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்தி, பானெட்டைத் திறந்துவிட்டு, இஞ்சின் ஆறுகிற வரைக்கும் உட்கார்ந்து அரிசி புடைத்தாள். சூட்டோடு பிளக்கைத் திருகினால் மரை பிய்த்துக்கொண்டு வந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்பேனருக்குத்தான் அந்தப் பொறுமை கிடையாது, சூட்டிலேயே துணியைச் சுற்றிக்கொண்டு கழற்றுவான். இஞ்சின் ஆறியதும், பிளக் உட்காரும் குழிகளில் இருந்த தூசியைச் சைக்கிள் பம்ப் அடித்து வெளியேற்றினாள். வயரைப் பிடித்து இழுக்காமல் அதன் முனையில் இருந்த ரப்பர்த் தொப்பியைப் பிடித்துக் கழற்றினாள். வரிசை மாறாமல் நாலு பிளக்கையும் எடுத்துப் பழந்துணியில் வைத்தாள். நாலும் பார்க்கப் புதுசுதான். முனைகளில் இடைவெளியும் சரிதான். ஒரு குறையும் கண்ணுக்குத் தெரியவில்லை.

துணியோடு பின்னறைக்கு எடுத்துப்போனாள்.

"ஏங்க, இதைக் கொஞ்சம் பாருங்க."

அவர் கையில் முட்டை இருந்தது. அதைத் தட்டில் வைத்துவிட்டுப் பிளக்குகளை எடுத்தார். அவருக்கு இயந்திர ஞானம் அதிகம் கிடையாது. ஆனால் நடுவில் வெள்ளையாக, வழவழவென்று இருந்த பீங்கானைப் பார்த்ததும் கை தன் பழக்கத்துக்குப் போனது. இரண்டு பிளக்கைக் காதருகே கொண்டுபோய்ப் பீங்கானோடு பீங்கான் தட்டினார். கிண். மூன்றாவது பிளக்கை எடுத்துத் தட்டினார். கிண். நாலாவதைத் தட்டினார். சத்தம் செத்துப்போயிருந்தது.

இன்னொரு தடவை தட்டிவிட்டு, "இது விரிசல்" என்றார்.

அவள் அடுப்புக் கரியை விரலில் தொட்டு அந்தப் பீங்கானில் தேய்த்துத் துணியால் துடைத்தாள். கரி எல்லாம் போய், தலைமுடி அளவுக்கு ஒரு கறுப்புக் கோடு மட்டும் போகாமல் நின்றது. கோட்டுக்கு மேலே பீங்கானில் உலோகம் பட்ட சாம்பல் நிறக் கீறல், ஒன்றையொன்று ஒட்டினாற்போல இரண்டு. சமதரையில் அந்த விரிசல் ஒன்றும் செய்யாது. மேட்டில் லோடோடு இஞ்சினை முறுக்கும்போதுதான் மின்சாரம் அந்த வழியாக நழுவி ஓடும், வண்டி விக்கும்.

"கை தவறியிருக்கும்" என்றார் அவர். "ஸ்பேனர் சாஞ்சா பீங்கான்ல படும்."

"மூணு தடவையுமா?"

அவர் அந்த இரட்டைக் கீறலையே விளக்கில் காட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளும் எடுத்தேன் கவிழ்த்தேன் என்று போகிறவள் இல்லை. வாங்கி வந்த நாலு புதுப் பிளக்கையும் அவர் காதருகே தட்டிக் காட்டினாள். நாலும் கிண். தானே மாட்டினாள். எடுத்த எடுப்பிலேயே ஸ்பேனரால் திருகவில்லை. தண்ணீர்க் குழாயில் வெட்டிய ஒரு சாண் ரப்பர்த் துண்டைப் பிளக்கின் தலையில் மாட்டி அதைக்கொண்டு சுற்றினாள். கோணலாகப் போனால் ரப்பர் வழுக்கும், மரை கெடாது. கையால் போகிற வரைக்கும் போனபிறகு ஸ்பேனரால் ஒரு கால் சுற்று. மேட்டில் லோடோடு ஏறிப் பார்த்தாள். வண்டி ஒரு சொல் சொல்லாமல் ஏறியது.

பிறகு அதே வண்டியை ஸ்பேனரிடம் கொண்டுபோனாள். "தம்பி, ஆயில் மட்டும் மாத்திக் கொடுங்க. வேற ஒண்ணும் வேண்டாம். மேட்டுல இப்பப் பரவாயில்ல. பேக்கரியம்மாகிட்ட இன்னொருதரம் கேட்டுப் பாக்கலாம்னு இருக்கேன்."

"தாராளமா கேளுங்க அண்ணி" என்றான் அவன்.

ஆயில் மாற்றுகிறவனுக்குப் பிளக்கைத் தொட வேலையே இல்லை. வண்டி வீட்டுக்கு வந்து, இஞ்சின் ஆறியதும், அவள் கழற்றினாள். அவர் தட்டினார். மூன்றாவது பிளக் செத்துப்போயிருந்தது. கரியைத் தேய்த்தால் கோடு. கோட்டுக்கு மேலே அதே இரட்டைக் கீறல்.

அவர் அதை விளக்கில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"விளிம்புல சில்லு பேந்த ஸ்பேனர்" என்றார் கடைசியில். "சில்லு பேந்த இடத்துல ரெண்டு முனை இருக்கு. அதான் ரெண்டு கீறல். நான் வாங்கிக் குடுத்தது."

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. அவள் சாப்பிட்டாள். கோபம் வந்தால் அவளுக்குப் பசிக்கும்.

விரிசல் விட்ட இரண்டு பிளக்கையும் ஒரு காலி டீத்தூள் டப்பாவில் போட்டு விளக்குக்கு மேலே பலகையில் வைத்தாள். "தூக்கிப் போட்டுடு" என்றார் அவர். "மாட்டேன். இது அவனோட பொருள். அவன்கிட்டயே போய்ச் சேரணும்" என்றாள். என்ன செய்ய வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய பிக்கப்பும் இதே இஞ்சின். அவன் தட்டிய பிளக் அவன் வண்டியில் ஏற வேண்டும், அவன் முட்டை அதே மேட்டில் உடைய வேண்டும், அதே முதலாளியம்மா அதே கேள்வியைக் கேட்க வேண்டும். இதில் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

பேக்கரியம்மாவிடம் பிளக்கைக் காட்டியிருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. காட்டினால் என்ன நடந்திருக்கும்? "அண்ணி சொந்தமா கழட்டிப் பாத்திருக்காங்க, கை தவறி உடைச்சிருக்காங்க" என்று அவன் வருத்தப்படுகிறவன்போலச் சொல்லியிருப்பான். பையன்கள் இன்னொரு தடவை சிரித்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை மறுபடி கேட்க அவள் தயாராக இல்லை.

ஆனால் வண்டி கையில் சிக்கவில்லை. பேக்கரியிலிருந்து நேரே ஒர்க்ஷாப்புக்குள் போய்விடும். ஒருதரம் பழைய ஆயில் கேனைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் மடியில் பிளக்கைக் கட்டிக்கொண்டு போனாள். பிக்கப் பக்கத்தில் நின்றதும், "என்ன அண்ணி, என் வண்டியைப் பாக்கறீங்க?" என்று சிரித்துக்கொண்டே வந்துவிட்டான். இன்னொருதரம் மதியம் போனாள். வேலைக்காரர்களில் ஒருவன் பானெட்டின்மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினாள்.

இதில் அவளுக்குப் புருஷன்மேல்தான் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. மனுஷர் எதுவுமே நடக்காததுபோல, விடுமுறை நாளில் வழக்கம்போலக் காலைத் தாங்கித் தாங்கி நடந்து தம்பி ஒர்க்ஷாப்புக்குப் போய்விட்டு வந்தார்.

"அவன் மூஞ்சியில எப்படிங்க முழிக்கிறீங்க?"

"தம்பிதானே."

"தம்பின்னா? உங்க பொண்டாட்டி கால்ல குறை சொன்னவன். நாளைக்கு அவன் வந்து கூழைக் கும்பிடு போட்டா பேக்கரியை மட்டுமா, வண்டியையும் தூக்கிக் குடுத்துடுவீங்க."

"சோறு போடு" என்றார் அவர். அவள் தட்டை ணங்கென்று வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் கிடங்குக்குக் கிளம்புகிற வரைக்கும் அவரிடம் பேசவில்லை.

மறுநாள் காலை அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். கடைகளில் தட்டை எடுத்துக் கொடுக்க அவர் அப்போதெல்லாம் கூடவே வருவார். மேட்டு வழியாக மேலே இருக்கிற சில்லறைக் கடைகளுக்குப் போக வேண்டும். பாதி மேட்டில் ஸ்பேனருடைய பிக்கப் நின்றுகொண்டிருந்தது. பானெட் திறந்திருந்தது. பின்னால் தார்ப்பாய்க்கு அடியிலிருந்து மஞ்சளாக ஒழுகி, சாலை ஓரமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த மஞ்சளைப் பார்த்ததும் அவளுக்குள் ஏதோ ஒன்று குளிர்ந்தது. கடவுளே செய்துவிட்டார் என்றுகூட ஒரு நொடி நினைத்தாள். பிறகு, கடவுளுக்குப் பிளக் மாற்றத் தெரியாது என்று தோன்றியது. வண்டியைப் பின்னால் நிறுத்திவிட்டு இறங்கினாள்.

தாடிக்கார டிரைவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். "லோடு ஏத்துன உடனே ஒண்ணும் தெரியலக்கா. மேட்டுல ஏறுனதும் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. பேக்கரியம்மா ரெண்டு தடவை போன் போட்டுட்டாங்க" என்றான். ஸ்பேனர் அப்போதுதான் ஸ்கூட்டரில் வந்து இறங்கியிருந்தான். இஞ்சின் கொதித்துக்கொண்டிருந்தது. பொறுமை இல்லாமல் துணியைச் சுற்றிக்கொண்டு பின்பாக்கெட்டு ஸ்பேனரால் பிளக்கை ஒவ்வொன்றாகத் திருகிக்கொண்டிருந்தான். மூன்றாவதை எடுத்துப் பார்த்தான். நாலாவதை எடுத்துப் பார்த்தான். இரண்டையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டான்.

முட்டையக்கா எட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி அளவுக்குக் கறுப்புக் கோடு. அவள் விரலில் தொட்டுத் தேய்த்த கரி. கோட்டுக்கு மேலே இரட்டைக் கீறல்.

அவள் மாட்டவில்லை. அவள் திரும்பித் தன் வண்டியைப் பார்த்தாள். புருஷன் மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். பிறகு தட்டைச் சீட்டில் வைத்துவிட்டு, கதவைத் திறந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

ஸ்பேனர் முகத்தில் ரத்தம் இல்லை. தன் கைவேலை தன் கையில் இருப்பது அவனுக்குத் தெரிந்துவிட்டது. யார் மாட்டினார்கள் என்று கேட்க வாயெடுத்தால், பிளக்கை யார் தட்டினார்கள் என்று சொல்ல வேண்டிவரும். அண்ணியைப் பார்த்தான்.

"என்ன தம்பி" என்று முட்டையக்கா மெதுவாகக் கேட்டாள். "பிளக்கா? இல்ல, டிரைவர் கிளட்ச்ல பாதிக் காலை வச்சிருந்தாரா?"

"அய்யோ, நான் வைக்கலக்கா" என்றான் தாடிக்காரன்.

அண்ணன் நொண்டிக்கொண்டு பக்கத்தில் வந்தார். தம்பியின் உள்ளங்கையிலிருந்து இரண்டு பிளக்கையும் எடுத்தார். இன்னும் சுட்டது, அவர் பொருட்படுத்தவில்லை. காதருகே கொண்டுபோய்த் தட்டினார்.

"ரெண்டும் விரிசல்" என்றார் டிரைவரைப் பார்த்து. "ஸ்பேனர் விளிம்பால தட்டியிருக்கு. எங்க வண்டியிலயும் இப்படித்தான் இருந்துச்சு. அவ ஓட்டுனதுல குறையே இல்ல. போய்ப் பேக்கரியம்மாகிட்டச் சொல்லு."

"யாரு தட்டுனதுங்க?" என்றான் டிரைவர்.

அவர் தம்பியிடம் கையை நீட்டினார். "அந்த ஸ்பேனரைக் குடு."

அண்ணன் தானே பிளக்கை மாட்டிக் கொடுக்கப்போகிறார் என்று நினைத்தானோ என்னவோ, கொடுத்துவிட்டான். அவர் பெயர்ந்த விளிம்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அந்த இரட்டை முனை எதிரே நின்ற டிரைவருக்கும் தெரிந்தது, அவர் கையிலிருந்த பிளக்கின் இரட்டைக் கீறலும் தெரிந்தது. தாடிக்காரன் தன் முதலாளியைத் திரும்பிப் பார்த்த பார்வையை முட்டையக்கா கண்குளிரப் பார்த்தாள். பேக்கரி வாசலில் சிரித்த எல்லாச் சிரிப்புக்கும் அந்த ஒரு பார்வை போதும்போல இருந்தது.

அவர் ஸ்பேனரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்.

"அண்ணே, ஸ்பேனர்."

"அது நான் வாங்குனது" என்றார் அவர், திரும்பாமல்.

உடையாத முட்டையை எல்லாம் தாடிக்காரனே முட்டையக்காவின் வண்டிக்கு மாற்றினான். யாரும் சொல்லவில்லை, பேக்கரி போனுக்குப் பயந்து அவனாகவே மாற்றினான். பானெட் திறந்த வண்டிக்குப் பக்கத்தில் ஸ்பேனர் வெறும் கையோடு நின்றான். கடைசித் தட்டு ஏறும்போது கிட்டே வந்தான்.

"அண்ணி, உங்ககிட்ட நல்ல பிளக் இருக்குமா?"

"இருக்கு தம்பி. முன்னால டிராயர்ல நாலு இருக்கு" என்றாள் அவள். ஏறி உட்கார்ந்து, டிராயரைத் தொடாமல் கதவைச் சாத்தி, தாடிக்காரன் பின்னால் தொற்றிக்கொண்டதும் வண்டியை எடுத்தாள். மேட்டில் முழு லோடோடு அந்த வண்டி ஏறியது. பின்னால் ஒரு தட்டுகூட இன்னொன்றைத் தொடவில்லை.

பேக்கரியில் முதலாளியம்மா தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தாள். தாடிக்காரன் முந்திக்கொண்டு, மேட்டில் பார்த்ததைக் கை கால் வைத்துச் சொல்லி முடித்தான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முட்டையக்காவிடம் திரும்பினாள்.

"மேட்டுல குலுங்கலையா?"

"நான்தாங்க ஓட்டுனேன்."

முதலாளியம்மா தார்ப்பாயை இறக்கிவிட்டாள். "நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமா வந்துடு" என்றாள். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவள், அவளால் முடிந்தது அவ்வளவுதான்.

தாடிக்காரனைப் பேக்கரியிலேயே விட்டுவிட்டு இறங்கி வரும்போது ஸ்பேனருடைய வண்டி அதே இடத்தில் அதே கோலத்தில் நின்றது. அவள் வேகத்தைக் குறைக்காமல் தாண்டினாள்.

"எப்பங்க மாட்டுனீங்க?" என்று கேட்டாள்.

"நேத்து. அவன் உள்ள படுத்துத் தூங்கிட்டான். வேலைக்காரப் பசங்க லீவு. இஞ்சின் ஆறியிருந்துச்சு."

"ரப்பர்த் துண்டு?"

"உன்னோடதைத்தான் எடுத்துட்டுப் போனேன். டப்பாவுல வச்சுட்டேன், பாரு."

அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. கூடவே பொறாமையாகவும் இருந்தது. மாசக்கணக்காகத் தான் அடைகாத்ததை வேறொருத்தர் பொரித்துவிட்டதுபோல ஒரு கோபம். "எங்கிட்ட ஏன் சொல்லல? அது நான் செய்ய வேண்டியது. என்னைத்தானே சொன்னான்."

"உன்னைத்தான் சொன்னான்" என்றார் அவர். "ஆனா ஸ்பேனர் வாங்கிக் குடுத்தவன் நான்."

அவர் குரல் உடைந்திருந்தது. சட்டைப்பையில் ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்தது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவர் அழுது முடிக்கிற வரைக்கும் சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தம்பிக்காக அழுகிறார் என்று தெரிந்தும் அன்றைக்கு அவளுக்குக் கோபம் வரவில்லை.

ஆனால் மறக்காதவள் மறக்காதவள்தான். புருஷன் தன் கணக்கைத் தீர்த்துக்கொண்டார், அது அவரோடு சரி. அவளுடையது அப்படியே இருந்தது.

இப்போதெல்லாம் பிளக் சுத்தம் செய்கிற நாள் வந்தால் அவள் வண்டியை வீட்டுக்குப் பின்னால் நிறுத்துவதில்லை. கடைத்தெருவுக்கு ஓட்டிப் போய், ஸ்பேனர் ஒர்க்ஷாப்புக்கு நேர் எதிரே நிறுத்துகிறாள். பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு, இஞ்சின் ஆறுகிற வரைக்கும் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்காருகிறாள். ஆறியதும், சில்லு பெயர்ந்த அந்தப் பழைய பிளக் ஸ்பேனரை எடுத்து, நாலு பிளக்கையும் ஒவ்வொன்றாகக் கழற்றித் துடைக்கிறாள். ஒவ்வொன்றையும் காதருகே கொண்டுபோய்த் தட்டிப் பார்க்கிறாள். மாட்டிக்கொண்டு போய்விடுகிறாள். எதிரே ஒர்க்ஷாப்பில் பேச்சு நின்றுபோயிருக்கும். வாயைத் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை.

கொழுந்தன் இன்னும் தன் வேலை மேசையைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போடவில்லை. அவளுக்கும் அவசரம் இல்லை.